டிராக்டருக்கு எந்த கிளட்ச்?

புரட்டாசி மழை இறங்கிவிட்டால் வெள்ளகோவில், மூலனூர் பக்கம் டிராக்டருக்கு ஓய்வில்லை. ஈரம் காய்வதற்குள் மானாவாரிச் சோளக் காட்டை உழுதாக வேண்டும். அந்த நேரம் பார்த்து கிளட்ச் வழுக்கினால், கைக்குக் கிடைத்த பிளேட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குத் திரும்பத்தான் மனம் சொல்லும். பணம் வீணாவது அந்த அவசரத்தில்தான்.

கிளட்ச் மாற்ற டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மலிவான பிளேட் போட்டாலும் தரமானதைப் போட்டாலும் பிரிக்கும் கூலி ஒன்றுதான். எனவே பிரித்த கையோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிடுங்கள். ஃபிளைவீல் நீலம் பாய்ந்திருந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ லேத்துக்குப் போகட்டும். பழைய பிளேட்டில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் எங்கோ ஆயில் சீல் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் போடும் புது பிளேட்டும் வழுக்கும்.

கடையில் குதிரைத்திறனை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே திறனுள்ள வண்டிகளில் 11 அங்குல பிளேட்டும் உண்டு, 12 அங்குலமும் உண்டு. நடுத்துளையின் பல் எண்ணிக்கையும் மாறும். மாடலையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு, பழைய பிளேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். டூயல் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுவதும் மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். அதற்கு இரண்டு பிளேட். ரொட்டவேட்டர் ஓட்டுபவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

செராமிக் பிளேட் சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், ஃபிளைவீலையும் சீக்கிரம் தின்னும். நிறுவனம் சொல்லாத வண்டிக்கு அது வேண்டாம் என்பதே நம் கருத்து.

22.9.2025 முதல் டிராக்டர் கிளட்ச் அசெம்பிளிக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. 5,000 ரூபாய் சாமானுக்கு வரி 250 ரூபாய்தான். இந்த 250 ரூபாயை மிச்சம் பிடிக்க பில் இல்லாமல் வாங்கினால், போலி சாமான் வந்தாலும் கேட்க வழியில்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடி மாதக் கூட்டங்களில் விதை, உரத்தோடு பிரித்த கிளட்ச் ஒன்றையும் மேசை மேல் வைத்துக் காட்டுங்கள். வண்டி ஓட்டும் பையன்களையும் அழையுங்கள். பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டுவதுதான் பிளேட்டைக் கருக்குகிறது. பிளேட் தேயத் தேய பெடலின் வெற்று ஆட்டமும் குறையும். அதைக் கையேட்டிலுள்ள அளவுக்கு வைக்க ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.