புகைக்கு அல்ல, வயசுக்குக் கட்டணம்! 20 வயது தாண்டிய காருக்கு ரூ.10 ஆயிரம்

கோவை,
அம்பாசிடர், மாருதி 800 இரண்டும் 2014-ம் ஆண்டோடு உற்பத்தி நின்று போன கார்கள். ஆனாலும் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் ரோடுகளில் இன்னும் ஓடுகின்றன. தேய்ந்த பாகத்தைக் கடைந்து கொடுக்க இங்கே லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்?

ஆனால் காரின் ஆயுளை இப்போது என்ஜின் மட்டும் முடிவு செய்வதில்லை, ஆர்.சி. புத்தகமும்தான்!

எகிறிய கட்டணம்

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரூ.600 ஆக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. தாமதித்தால் மாதம் ரூ.500 கூடுதல்.

யாருக்கு அடி?

புகையைக் குறைக்கத்தான் இந்த உயர்வு என்றால், பார்த்துப் பார்த்துப் பராமரித்த காருக்கும் கரும்புகை கக்கும் காருக்கும் ஏன் ஒரே தொகை? 40 ஆயிரத்துக்குக் கார் வாங்கும் குமாஸ்தாவுக்கு 10 ஆயிரம் என்பது கால் பங்கு விலை. புதுக்கார் வாங்க வசதி இல்லாதவர் தலையில்தான் அடி விழுகிறது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. முடியும் தேதியைப் பாருங்க. அந்தச் செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க!