வளைவில் சாயும் கார்: குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

ஓல்போர்க்கிலிருந்து ஹேர்னிங் சித்தி விநாயகர் ஆலயத்துக்கு விபோர்க் வழியாக ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீற்றர். பிறாண்ட அபிராமி அம்பாள் ஆலயம் அதற்கும் அப்பால். திருவிழாக் காலத்தில் இப்பாதையில் செல்லும் அன்பர்களின் கார்களைப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். முன்னால் இருவர், பின்னால் மூவர், பின்பெட்டியில் பழத்தட்டுகள், அபிஷேகச் சாமான்கள், அன்னதானத்துக்கு ஒரு மூடை அரிசி. காரின் பின்புறம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். வளைவில் தோணி போலச் சாயும். வீடு திரும்பியதும், "இந்தக் காரை மாற்றத்தான் வேணும்" என்ற பேச்சு எழும்.

மாற்றுவது சொல்லுமளவு சுலபமல்ல. டென்மார்க்கின் வாகனப் பதிவு வரி உலகறிந்தது. அதன் மேற்படி நெடுங்காலம் 180 வீதமாக இருந்து, 2015இல்தான் 150 ஆகக் குறைந்தது. ஆகவே பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய காரையே வைத்துச் சமாளிக்கும் குடும்பங்கள் பல. அந்தப் பழைய காரையே சிறு செலவில் தெருவில் ஒழுங்காக நிற்கப் பண்ணலாமா என்பதே கேள்வி. பண்ணலாம். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். இளைஞர்கள் பணம் சேர்த்தவுடன் காரைத் தாழ்த்தும் வில்களையும் அகன்ற சில்லுகளையும் வாங்குகிறார்கள். அவை கடைசியாக வரவேண்டியவை.

வில் என்ற சொல்லைத் தமிழர் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கவில்லை. ஊரில் வில்லு வண்டில் என்று ஒன்று இருந்ததை மூத்தோர் அறிவர். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய வண்டில் அது. சாதாரண வண்டிலில் போனவரின் இடுப்பு அறிந்த வேதனையை வில்லு வண்டிலில் போனவர் அறியார். காரிலும் பாரத்தைத் தாங்குவது வில்லே. பக்கத்தில் இருக்கும் ஷொக் அப்சோபரின் பெயர் அதிர்ச்சியை உறிஞ்சுவது என்று பொருள்படும். பெயர் பொருத்தமில்லை. அதிர்ச்சியை ஏற்பது வில். ஏற்றபின் வில் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை எண்ணெயைச் சிறு துவாரங்களினூடாகத் தள்ளி வெப்பமாக மாற்றி அடக்குவதே ஷொக் அப்சோபரின் வேலை. அது பாரத்தைச் சுமப்பதில்லை. பின்புறம் தாழ்கிறது என்று ஷொக் அப்சோபரை மட்டும் மாற்றிவிட்டுக் கார் உயரவில்லையே என்று குறைப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய காரை ஓட்டிக் கரைசேர்ப்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சம்போப் போத்தலில் அடைத்த சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மறந்தவர் இரார். அவற்றுள் மொறிஸ் மைனர் இந்த விடயத்தில் ஒரு பாடமே வைத்திருக்கிறது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சிக்கு வருமுன், மாதிரியின் அகலம் போதாதென்று அதை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்தார். பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலகியதும் சரியென்றார். முன்கூட்டியே செய்துவைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டித் துண்டு வைக்க வேண்டியதாயிற்று. தொடக்ககால மைனரின் பம்பரில் அந்த ஒட்டுத் தெரியும். கண்ணுக்கு அழகாக வேண்டும் என்று செய்ததே காரின் நடைக்கும் நன்மையாயிற்று. வளைவில் உட்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்குப் பாரம் மாறும். சில்லுகளின் இடைவெளி கூடினால் அந்த மாற்றம் குறையும். பாரத்தின் உயரம் குறைந்தாலும் அவ்வாறே. டென்மார்க்கிலும் மொறிஸ் 1000 என்ற பெயரில் அது ஏராளமாக ஓடியது.

இனிச் செலவின் வரிசைக்கு வருவோம். செலவே இல்லாத வேலை ரயரின் காற்று. ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டிய தாளில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று இருவர் செல்லும்போது, மற்றது நிறைபாரத்துக்கு. கோவிலுக்கு ஐவரும் அரிசி மூடையும் போகும்போது இரண்டாவது அளவு வேண்டும். இதைப் பார்ப்போர் மிகச் சிலர். குளிர் 10 பாகை கூடினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் இறங்கும். வைகாசியில் 20 பாகையில் அடித்த காற்று, தை மாதத்து உறைபனியில் கால் பார் குறைந்திருக்கும். அந்தக் கார் வளைவில் நெளிவதற்கு வில்லைக் குறை சொல்லிப் பயனில்லை. அளப்பது ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது.

அடுத்தது ரயரே. முதல் பணம் இங்கேதான் போகவேண்டும். தெருவைத் தொடுவது உள்ளங்கையளவான நான்கு இடங்கள்தாம். எத்தனை விலையான வில்லும் ஷொக் அப்சோபரும் அந்த நான்கு இடங்களின் பிடிப்பை மீறி ஒன்றும் செய்யமாட்டா. சட்டம் கேட்கும் தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றர். மழையில் அது போதாது. 3 மில்லிமீற்றருக்கு இறங்கினாலே மாற்ற நினைப்பது நல்லது. ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைச் சொல்லும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பழைய ரயரை மலிவென்று வாங்குவோர் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பனிக்கால ரயர் போடுவதானால் நான்கிலும் போடவேண்டும். முன்னிரண்டில் மட்டும் போட்டால் வழுக்கும் தெருவில் பின்புறம் முந்திக்கொள்ளப் பார்க்கும்.

மூன்றாவதாகத் தேய்ந்ததை மாற்றுவது. இதுவே உண்மையில் பெரிய முன்னேற்றத்தைத் தருவது. ஆனால் பளபளப்பு இல்லாதபடியால் ஒருவருக்கும் ஆசை வருவதில்லை. ஷொக் அப்சோபர் மெல்ல மெல்லக் கெடுவதால் ஓட்டுபவர் அதற்குப் பழகிவிடுவார். புதியது போட்ட அன்றுதான் வித்தியாசம் தெரியும். எண்ணெய் கசிந்த தடம், ரயரில் திட்டுத் திட்டான தேய்வு, மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடுவது ஆகியவை அறிகுறிகள். மாற்றும்போது இடமும் வலமும் சோடியாக மாற்றவேண்டும். கைகளை இணைக்கும் றப்பர் புஷ்களும் போல் ஜொயின்ற்களும் அப்படியே. றப்பர் நைந்தால் சில்லு தான் நினைத்த பக்கம் பார்க்கும். ஒரு புஷ்ஷின் விலை சொற்பம். அதைப் போடும் கூலிதான் கூட. ஆகவே ஷொக் அப்சோபர் மாற்றும் அதே நாளில் இதையும் செய்வித்தால் ஒரு கூலியில் முடியும். இந்நாட்டு உப்புத் தெரு வில்லின் அடிச்சுற்றை அரித்து முறிக்கும். அதையும் அப்போதே பார்க்கலாம்.

கையால் வேலை செய்யும் அன்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய பெரும்பாலான கார்களின் முன்புறத்தில் வில்லும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாக இருக்கும். மக்ஃபேர்சன் என்பவரின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. அதைக் கழற்றும்போது வில்லை அமுக்கும் சரியான கருவி இல்லாமல் மேல் ஆணியைத் திறந்தால், அமுங்கியிருந்த வில் ஆளைக் கொன்றுவிடும். வீட்டு முற்றத்தில் கயிறும் கம்பியும் கட்டிச் செய்கிற வேலை அல்ல. செய்து முடித்தபின் சில்லுகளின் கோணத்தை கராஜில் அளப்பித்துச் சீராக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர் புதிய ரயரைத் தின்னக் கொடுப்பார்.

இவ்வளவும் செய்தபின்னும் கார் சாய்வதாகப் பட்டால், இரு பக்கச் சில்லுகளையும் குறுக்காக இணைக்கும் முறுக்குக் கம்பியைப் பார்க்கலாம். சாய்வைக் குறைப்பதே அதன் தொழில். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதில் 22 போட்டால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பு. அதே மாதிரிக் காரின் விலை கூடிய வகைகளில் தடித்த கம்பி இருப்பதுண்டு. உடைந்த கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் அது மலிவாகக் கிடைக்கும். ஆனால் பின்புறத்தில் மட்டும் தடிப்பாகப் போட்டால் ஈரத் தெருவில் கார் சுழலும் குணம் கூடும். 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்கள் யாவற்றிலும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி கட்டாயம். அது காரின் பிறவி அமைப்பைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது என்பதையும் நினைக்கவேண்டும்.

வில்லை அறுத்துத் தாழ்த்துவதைப் பற்றி ஒரே சொல்: கூடாது. சுற்றுக் குறைந்த வில் விறைக்கும். ஓடும் இடமோ குறையும். ஐவர் ஏறினால் அடிமுட்டும். அடிமுட்டிய கணத்தில் சில்லுக்கு வில்லே இல்லை, தேர்ச் சில்லுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. தேர் ஊர்கிற வேகம் வேறு, நெடுஞ்சாலை வேகம் வேறு. தவிரவும், கார் தூக்கி விழும்போது கட்டையான வில் இருப்பிடத்தை விட்டு விலகலாம். முறையாகச் செய்த தாழ்த்தும் வில்லானாலும் அதன் ஆவணங்களை வாங்கி, பரிசோதனை நிலையத்தில் முன்கூட்டியே கேட்பது புத்தி. புதிய காருக்கு நான்காம் ஆண்டிலும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அந்தப் படி ஏறவேண்டும் அல்லவா?

குடும்பப் பாரம் ஏற்றுபவருக்கு வேண்டியது தாழ்வு அல்ல, பின்புறத்துக்கு வலு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கடிலாக்கில், றோல்ஸ் றோய்ஸிலிருந்து சென்ற மொறீஸ் ஒல்லி என்ற பொறியியலாளர், பாரக்கட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு காரை ஓட்டிப் பார்த்தார். முன்புறம் பின்புறத்தைவிட மெதுவாக ஆடினால் பயணம் சமதளமாகிறது என்று கண்டார். மேட்டை முன்சில்லு முதலில் தாண்டுகிறது. பின்னால் வருவது வேகமாக ஆடி அதை எட்டிப் பிடிக்கிறது. பின்பெட்டியில் அரிசி ஏறினால் பின்புறம் மெதுவாகி இந்தக் கணக்குக் குழம்பும். கார் தலையாட்டுவதும் பின்னால் இருக்கும் பிள்ளைகள் சத்தியெடுப்பதும் அதனால்தான். பாரம் இழுக்கவென்று சில கார்களுக்கு வலுக்கூடிய பின்வில் விற்கப்படுகிறது. அதைக் கேட்டு வாங்கலாம். அதற்கு முன் மூடையைப் பின்பெட்டியின் கடைக்கோடியில் போடாமல் ஆசனத்தோடு அணைத்து, தாழ்வாக வைத்துப் பார்க்கட்டும். கூரைமேல் கட்டவே வேண்டாம்.

பின்புறம் தாழ்ந்தால் முன்விளக்கு உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். கார்த்திகை, மார்கழியில் மாலை நான்கு மணிக்கே இருளும் ஊரில் இது சிறு காரியமல்ல. விளக்கைத் தாழ்த்தும் சிறு உருளை ஸ்ரியறிங்கின் அருகே பல கார்களில் உண்டு. பூச்சியத்தில் இருப்பதை ஆள் ஏறியபின் ஓரிரு இலக்கம் திருப்பி வைத்தால் போதும்.