குளிர் ஊரிலும் கணனி சூடாகும்



பசறைப் பக்கத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 1983 வன்செயலுக்குப் பின் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். 2009இல் யுத்தம் முடிந்தபின், கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தாய்மாமனின் லயத்துக்கே திரும்பி வந்தார். கடன் எடுத்து வாங்கிய ஒரு பழைய கணனியில், ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பம், காணாமற்போனோர் பற்றிய முறைப்பாட்டுக் கடிதம் என்று தட்டச்சு செய்து கொடுப்பதே அவரது வருமானம்.

அந்தக் கணனி இருபது நிமிடத்தில் தானாகவே நிற்கத் தொடங்கியது. திருத்துகிற கடையில் "மதர்போர்ட் போய்விட்டது, பதினெட்டாயிரம் ரூபா" என்றார்களாம். அக்கா தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்று மறித்தேன். நான் படித்தது சமூகவியல். அதனால் 'நெனசல' நிலையத்தில் கணனி பழகிய பக்கத்து லயத்துத் தங்கையைத் துணைக்கு அழைத்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் மூவரும் சிரித்துவிட்டோம். உள்ளே ஒரு குட்டி அடுப்படியே இருந்தது!

லயத்தில் அடுப்பும் படுக்கையும் அடுத்தடுத்துத்தானே. விறகுப் புகையும் தாளிக்கிற எண்ணெயும் தூசியோடு சேர்ந்து, மின்விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போலப் படிந்திருந்தன. கணனியின் மூளையான புரொசசர் ஒரு பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை விடக்கூடியது. அந்தச் சூட்டைத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி வெளியேற்ற வேண்டும். வழி அடைபட்டு வெப்பம் 100 பாகை செல்சியசை நெருங்கினால், கருகிப் போகாதிருக்கக் கணனி தானே நின்றுவிடும். அக்காவின் கணனி செய்ததும் அதுதான்.

"ஹப்புத்தளைக் குளிரிலே கணனி சூடாகுமா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். குளிருக்கென்று ஜன்னலைச் சாத்துகிறோம், கணனியைச் சுவரோடு ஒட்டி வைக்கிறோம், ஓடிக்கொண்டிருக்கும்போதே துணியும் போர்த்துகிறோம். வன்னியில் இருக்கும் சகோதரிகளுக்கோ தகரக் கூரையின் வெக்கையும் செம்மண் புழுதியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்தால் போதும். புகை அதிகமான வீடென்றால் மாதாமாதம். முதலில் மின் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த புதுத் தூரிகையால் மெதுவாகத் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும். ஈரத்துணி கூடவே கூடாது. மின்கம்பி வந்து சேரும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அதற்குப் பிறகும் நின்றால், புரொசசருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அதைப் புதிதாகப் பூசத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பயறளவு பசை போதும்.

அக்காவின் கணனிக்குப் பசையும் தேவைப்படவில்லை. இப்போது அது இஸ்தோப்புப் பக்கம், இரண்டு செங்கல்லின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. தோடும் காதிலேயே இருக்கிறது.