சுவரில்லாத மண்டபம்



கண்டிக்கு அருகே வசிக்கும் ஒரு தாய் சென்ற வாரம் என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். எட்டாம் ஆண்டில் படிக்கும் அவருடைய மகளுக்கு, தேசிய நினைவுச் சின்னம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி பாடசாலையில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை சுதந்திர மண்டபத்தின் படத்தை ஒட்டிவிட்டு, "உம்மா, இதுல எங்கட ஆக்கள் யாரும் இருக்கிறாங்களா?" என்று கேட்டதாம். அந்தத் தாய்க்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் ஒருநாள் எழும். ஆகவே பதிலை இப்போதே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலுள்ள சுதந்திர மண்டபத்துக்கு வேர் நமது கண்டியில்தான் இருக்கிறது. தலதா மாளிகை வளவில் மரத்தூண்கள் தாங்கி நிற்கும் 'மகுல் மடுவ'வை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் 'மகுல்' என்றால் கல்யாணம் என்றே நமக்குப் பழக்கம். இங்கே மங்கலம் என்று பொருள் கொள்ள வேண்டும். 1783 ஆம் ஆண்டு ராஜாதி ராஜசிங்க மன்னர் இதன் வேலையைத் தொடங்கினார். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அது நிறைவு பெற்றது. மன்னர் பிரதானிகளைச் சந்தித்ததும், நாட்டுக் காரியங்கள் பேசப்பட்டதும் இங்கேதான்.

1815 மார்ச் 2 ஆம் திகதி இதே மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. தேசாதிபதி பிரவுண்றிக் ஒருபுறம், கண்டிப் பிரதானிகள் மறுபுறம். அன்றோடு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. சிறைபிடிக்கப்பட்ட மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே காலமானார்.

நூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1948 இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதன் நினைவாகக் கொழும்பில் மண்டபம் கட்ட எண்ணியபோது, எடுத்துக்கொண்ட மாதிரி எது தெரியுமா? இந்த மகுல் மடுவதான். எந்த மண்டபத்தில் உரிமை பறிபோனதோ, அதே வடிவத்தில் உரிமை மீண்டதற்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இழந்த இடத்தை மறைக்காமல், அதையே எழுந்து நிற்கும் இடமாக்கியதில் ஒரு படிப்பினை இருக்கிறது.

இரண்டு மண்டபங்களுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். சுற்றிச் சுவர் கிடையாது. தூண்களும் கூரையும்தான். எந்தத் திசையிலிருந்து வருபவரும் உள்ளே நுழையலாம். பல இன மக்கள் வாழும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறென்ன வேண்டும்?

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். எங்கட ஆக்கள் இருக்கிறார்களா?

1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அடைக்கலம் தந்தவர் கண்டி மன்னர் செனரத். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். கண்டி இராச்சியத்தில் தவளம் மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றி மலைப்பாதையில் நடந்தவர்களில் நம்மவர் பலர். அரச வைத்தியர்களாக இருந்த முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. இரண்டாம் ராஜசிங்க மன்னர் பகைவருக்கு அஞ்சி மரப்பொந்தில் ஒளிந்திருந்தபோது, அவரைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிரைக் கொடுத்த முஸ்லிம் பெண்ணின் கதை மஹியங்கனைப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

டீ. பி. ஜாயாவின் பெயரையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 1890 இல் கண்டி மாவட்டத்துக் கலகெதரையில் பிறந்தவர். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்து, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். தேசியக் கொடியைத் தீர்மானிக்க 1948 இல் அமைத்த குழுவிலும் அவர் இருந்தார். வாளேந்திய சிங்கம் கண்டி மன்னரின் கொடியிலிருந்து வந்தது. அதன் பக்கத்தில் தமிழருக்காகச் செம்மஞ்சள் கோடும், முஸ்லிம்களுக்காகப் பச்சைக் கோடும் சேர்க்கப்பட்டன. ஆகவே மகளே, இருக்கிறோம்.

ஆனால் கல்லும் தூணும் கொடியும் மட்டும் மனிதரைச் சேர்த்துவைக்காது. ஒப்பந்தம் நடந்து சரியாக நூறாண்டு கழித்து, 1915 மே மாத இறுதியில், இதே கண்டி நகரில்தான் முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் தொடங்கிற்று. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்ததை நாமே பார்த்தோம். அந்நேரம் முஸ்லிம்களைத் தங்கள் வீடுகளில் வைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. பாதி உண்மையில் வளரும் பிள்ளை அச்சத்தில் வளரும், அல்லது ஏமாளியாக வளரும்.

இன்னொன்று. நம் முன்னோர் இந்நாட்டுக்குச் செய்ததைச் சொல்லும்போது, அதற்குக் கூலி கேட்பதுபோல் சொல்லாதீர்கள். மன்னரைக் காப்பாற்றியதால்தான் நமக்கு இங்கே இடம் என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. மற்றவர்களைப் போலவே இது பிறந்த மண். அல்லாஹ் நம்மை இங்கே பிறக்கச் செய்தான்; அதற்கு மேல் சான்று தேவையில்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மக்காவைப் பிரிந்தபோது எவ்வளவு வருந்தினார்கள் என்பதை நாம் அறிவோம்.

"அங்கே கூட்டிச் செல்வது கூடுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். மகுல் மடுவ அரச சபை நடந்த இடம். பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நமக்குச் சொல்கிறது. பக்கத்திலே பிறமதத்தவரின் வழிபாட்டுத் தலம் இருப்பதால், அடக்கமான உடையும் அமைதியான நடத்தையும் பேணுங்கள். அதுவும் ஒரு தஃவாதான்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தூண்களுக்கு நடுவே நின்று, நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையின் கடைசி வரியை அவர்களே எழுதிவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

நம் நாட்டையும் அயலவரையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் அமைதியில் வைப்பானாக. ஆமீன்.