திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கில்?

ரேஷன் கடை வரிசைப் படத்தின் கீழ் 'பொறுமையுடன் காத்திருந்த மக்கள்' என்று எழுதும் வழக்கம் இந்த வாரமும் எரிச்சலூட்டியது. கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் அந்தப் படத்தில் இல்லை. வரிசைக்குப் பதிலாக நேரம் குறித்த டோக்கன் தர வேண்டும் என்பதில் இந்தப் பத்தியின் பிடிவாதம் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: நிற்பதா, போவதா என்பதை ஒருவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

லூ, முசாலெம், ஒலிவாரெஸ், ஷில்க்ரூட் ஆகிய நால்வர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. சூப்பர் மார்க்கெட் ஒன்றில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வெட்டித் தரும் பகுதியை அரை மணிக்கொரு முறை படமெடுத்து, பில் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். வரிசை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைவிட, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையே வாடிக்கையாளர்கள் பெரிதும் கவனித்தார்கள். இருவர் எடை போடும் இடத்தில் பத்துப் பேர் நிற்பதும், ஒருவர் போடும் இடத்தில் ஐந்து பேர் நிற்பதும் ஏறக்குறைய ஒரே காத்திருப்புதான். ஆனாலும் பத்தைக் கண்டால்தான் கால் பின்வாங்குகிறது. விலையைப் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள் காத்திருக்கச் சற்று அதிகமாகவே தயாராக இருந்தார்கள் என்பதும் அதில் தெரியவந்தது.

இந்த இடத்தில் பின்ஹாஸ் நாவோர் வரிசைகளைப் பற்றி 1969இல் எழுதிய கட்டுரையைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. வரிசையில் சேருபவர் தன் லாபத்தையும் தன் காத்திருப்பையும் மட்டுமே எடைபோடுகிறார். பின்னால் வருபவருக்குத் தன்னால் கூடும் தாமதத்தை எண்ணுவதில்லை. அதனால் வரிசை எல்லோருக்கும் நன்மையான அளவைத் தாண்டி நீள்கிறது. இதற்கு அவர் சொன்ன மருந்து கட்டணம். நோயை அவர் கண்டறிந்த அழகில் எனக்குக் குறையில்லை, மருந்தில்தான் உடன்பாடில்லை. காத்திருப்பின் விலை எல்லோருக்கும் ஒன்றே என்பது அவருடைய அனுமானம். அரை நாள் கூலியை இழப்பவருக்கும் ஓய்வூதியம் வாங்குபவருக்கும் அது எப்படி ஒன்றாகும்? கட்டணம் வைத்தால், கூலியை இழப்பவர் பணத்தாலும் விரட்டப்படுவார். "உண்மையில் தேவைப்படுபவர் நிற்பார்" என்று சிலர் வாதிடுவார்கள். தேவை அதிகம் உள்ளவருக்கே நேரமும் அதிகம் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

கட்டணம் இல்லாமலும் வழி உண்டு: பொங்கல் தொகுப்புக்கு நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீடு தேடிக் கொடுக்கத் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளால் முடிந்திருக்கிறது. இப்படி டோக்கன் தருவதில் மற்ற அலுவலகங்கள் தடுமாறுவது வசதிக் குறைவால் அல்ல. திரும்பிப் போனவர் அவற்றின் பதிவேட்டில் இல்லை என்பதால். அப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிட, ஒரு கேமராவும் அரை மணிக்கொரு படமும் பில் விவரமும் அந்த நால்வருக்குப் போதுமானதாக இருந்தது.