கணக்கில் வராத இருமல்



நம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் ஊர் ஊராய்ப் போகின்றன. குவார்ட்ஸ் அரைக்கும்போது பறக்கும் தூசு எங்கே போகிறது? தொழிலாளியின் நுரையீரலுக்கு! அதுதான் சிலிகோசிஸ். வந்தால் குணமாகாது, ஈரமாக அரைத்தால், தூசு உறிஞ்சும் கருவி வைத்தால் தடுக்கலாம்.

இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. ஆனால் "டி.பி.தாம்பா" என்று சீட்டு எழுதிவிட்டால் இழப்பீடு ஏது, பென்ஷன் ஏது?

ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அங்கே முடியும்னா இங்கே ஏன் முடியாது?

ஆண்டுதோறும் பட்டறை பட்டறையாக எக்ஸ்ரே எடுத்துப் பதிவு செய்யட்டும் அரசு. கணக்கில் வராத நோய்க்கு யாரும் கணக்குச் சொல்ல மாட்டார்கள். நாளைய சூப்பர்வைசர்களே, முதலில் நாம் கேட்போம்!