தேரும் மல்லாட்டை விதையும்

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "தாத்தா, நிலைமம்னா சோம்பேறித்தனம்தானே?" என்று கேட்டான். புத்தகத்தில் அப்படி இல்லை. ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று மூன்று வகையாக அதில் தெளிவாகவே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நகராத கோப்பையும் எழுந்திருக்க மனமில்லாத மனிதனையும் கண்டால் 'இனர்ஷியா' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு எந்த அர்த்தம் தோன்றும்?

பையன் பேரில் குற்றமில்லை; சொல்லின் பிறப்பிலேயே அந்தக் களங்கம் இருக்கிறது. லத்தீன் மொழியில் தொழில் திறமையற்றவனையும் சோம்பிக் கிடப்பவனையும் குறித்த சொல்லை எடுத்துப் பௌதிகத்துக்குக் கொண்டுவந்தவர், கிரகங்களின் கதியை ஆராய்ந்த கெப்ளர். விட்ட இடத்தில் ஓய்ந்து நின்றுவிடுவதே ஜடப்பொருளின் ஸ்வபாவம் என்பது அவருடைய அபிப்பிராயமாகையால், அச்சொல் அவருக்குப் பொருத்தமாகவே பட்டது. பின்னால் வந்த நியூட்டன், 1687இல் வெளியான தம் மகாகிரந்தத்தில் அதே சொல்லை வைத்துக்கொண்டு அதன் தாத்பரியத்தை மாற்றிவிட்டார். நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும், ஓடும் பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், இரண்டும் ஒரே குணந்தான் என்றார். தாம் சொல்வது ஓய்வை நாடும் கெப்ளரின் குணமன்று என்று தம் சொந்தப் பிரதியில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். ஆக, நாம் நாள்தோறும் பிரயோகிப்பது கெப்ளரின் சொல். பரீட்சையில் எழுத வேண்டியதோ நியூட்டனின் சொல்.

தமிழிலும் இந்த இரட்டை வழக்கு உண்டு. எங்கள் தலைமுறை ஜடத்துவம் என்று சொல்லும். இலங்கைப் பாடநூல்கள் இன்றும் சடத்துவம் என்றே எழுதுகின்றன. சித்து என்றும் சடம் என்றும் உலகைப் பகுத்த சித்தாந்த மரபில் வந்த அழகிய சொல்தான். எனினும் 'ஜடம் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்' என்னும் வசவும் கூடவே வந்துவிடுகிறது. இருக்கும் நிலையை விடாத தன்மை என்று மட்டும் சொல்லி, அந்த நிலை ஓய்வா ஓட்டமா என்பதில் தலையிடாத 'நிலைமம்' அதனினும் மேலான சொல் என்பேன். பழைய சொல்லில் பழகிய நாக்கு இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

பேரனுக்கு நான் சொன்ன உதாரணம் தேர். முகையூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேர் என்றால் திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் தேர்தான். நானும் சிறு வயதில் அங்கேதான் வடம் பிடித்தேன். நூற்றுக்கணக்கானவர் மூச்சைப் பிடித்து இழுத்தாலும், பின்சக்கரத்தடியில் நெம்புமரம் கொடுத்து ஆட்கள் அழுத்தினாலொழிய, நிலையைவிட்டு அசையாது; அசைந்துவிட்டாலோ, முன்னால் நிற்பவன் சுவாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டு விலக வேண்டியதுதான். அப்போது எல்லோருடைய கண்ணும் வடத்தின்மேல் இருக்க, சக்கரத்தின் அருகிலேயே குனிந்தபடி ஓடி, முட்டுக்கட்டையைச் சரியான கணத்தில் சரியான சாய்வில் தள்ளுகிற சிலர் இருப்பார்கள். வீதி முனையில் தேர் நேரே போய் வீட்டுத் திண்ணையில் இடிக்காமல் திரும்புவதும், சரிவில் கட்டுக்கடங்காமல் போகாதிருப்பதும் அவர்கள் கைவண்ணம். புத்தகம் சொல்லும் மூன்று நிலைமங்களையும் ஒரே நாளில் மூன்று வீதிகளில் எதிர்கொண்ட அவர்கள் ஒரு சூத்திரமும் படித்தவர்களல்லர். கை நழுவினால் கால் போகும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் நீரழுத்த நிறுத்தியும் செய்து கொடுத்த பிற்பாடும், திருப்பத்துக்கு முட்டுக்கட்டை வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட கருவியின் பெயரை, நல்ல காரியத்தைக் கெடுப்பவனுக்கு உவமையாக்கி, 'முட்டுக்கட்டை போடாதே' என்று பேசுகிறோமே, அது அநியாயம்!

பேருந்து திடீரென்று நிற்கும்போது முன்னால் சாய்கிறோம் என்பதையெல்லாம் பையனே சொல்லிவிட்டான். ஊர்ப்பேச்சின் நிலைமத்தையும் அவன் கவனித்திருக்கிறான்: முகையூர்ச் சட்டமன்றத் தொகுதி 2008ஆம் வருஷத்து மறுவரையறையில் மறைந்துபோன பிறகும் என் வயதினர் 'நம்ம தொகுதி' என்கிறோம், 1993இல் விழுப்புரம் தனி ஜில்லாவான பிறகும் தென்னார்க்காடு என்றுதான் வாய் எழுகிறது.

ஆனால் எனக்கு இதைவிட விசேஷமாகத் தோன்றுவது மல்லாட்டை. தென் அமெரிக்காவில் பிறந்த நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர் வைத்து, அது தேய்ந்து மல்லாட்டை ஆகி, அந்தப் பெயரே எங்கள் ஜில்லாவில் நிலைத்தது ஒருபுறமிருக்கட்டும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியெடுத்த டி.எம்.வி. 2 என்னும் ரகம் 1940இல் வெளிவந்தது. அதன்பின் எத்தனையோ புது ரகங்கள் வந்தும், அரை நூற்றாண்டு கடந்தும், ஆந்திர, கருநாடக மானாவாரி நிலங்களில் அதுவே பெரும் பரப்பில் விதைக்கப்பட்டுவந்தது. இதைக் கண்ட படித்தவர்கள் குடியானவனின் 'இனர்ஷியா' என்றார்கள். அதாவது சோம்பல் என்றார்கள்.

நியூட்டன் வழியில் யோசித்தால் வேறு விஷயம் புலப்படும். நிலைமத்தின் அளவு பொருளின் நிறை. கனமானது நகரச் சிரமப்படும். நடவுக் கேழ்வரகுக்கு ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். சம்பந்தி வீட்டுக்குப் போய்வரும்போது மடியில் முடிந்துகொண்டு வந்துவிடலாம். மானாவாரிக் கடலைக்கோ ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். ஒரு காய் விதைத்தால் பத்துப் பதினைந்து காய் கிடைப்பதே பெரிது என்பதால், விதை பெருகுவதும் மெல்லத்தான். அவ்வளவையும் ரொக்கம் கொடுத்து வாங்கி, மழையை நம்பி, தெரியாத ரகத்தை மண்ணில் போடுவதைக் காட்டிலும், நூற்றைந்து நாளில் கைக்கு வந்துவிடும் பழகிய கொத்துக் கடலையை வீட்டு மூட்டையிலிருந்து எடுத்து விதைப்பதுதான் உத்தமம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அதை நிலைமம் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் மூட்டையின் கனம் தூக்குகிறவனுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேரன், பரீட்சைக்கு எவ்வளவு எழுதினால் போதும் என்றான். இரண்டு மார்க்குக்கு இரண்டு வரி, சோம்பல் என்ற சொல் மட்டும் வேண்டாம் என்றேன். மறுநாள் இருவருமாக முகையூரில் என் தம்பி வீட்டுக்குப் போனோம். அடுத்த பட்டத்துக்காக அவன் எடுத்து வைத்திருந்த விதைக் கடலை மூலையில் அடுக்கியிருந்தது. என்ன ரகம் என்று பையன் கேட்டான். 1967இல் திண்டிவனத்தில் வெளியிட்ட டி.எம்.வி. 7.